போமட் அடிச்சால் போதுமா? மூன்று கொம்பியூட்டர், மூன்று விதமான அழிப்பு

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தை மேசையில் போன கிழமை மூன்று கொம்பியூட்டர்கள் கிடந்தன. ஒன்று என்னுடைய பழைய டெஸ்க்டொப். அடுத்தது அக்காவின் மகளுக்குக் கைமாறப்போகும் லப்டொப். மூன்றாவது, ஸ்கானும் பிரதியும் எடுத்துக் கொடுக்கிற கொமினிகேசன் கடையை மூடிவிட்டுக் கனடாவில் இருக்கும் மகனிடம் போகிற ஒரு அண்ணை, விற்பதற்கு முன் கொண்டுவந்து தந்த நாலு பெட்டிகளில் முதலாவது. மூன்றுக்கும் வேலை ஒன்றுதான் போலத் தெரியும்: உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றதிலிருந்து இந்த வேலைக்குக் குறைவில்லை.

"போமட் அடிச்சுத் தாங்கோ" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு நிமிட வேலையும் இருக்கிறது, நாலு நாள் வேலையும் இருக்கிறது. எதைச் செய்வது என்பதை நான் இரண்டு கேள்விகளை வைத்து முடிவு செய்கிறேன். பெட்டி அடுத்ததாக யாருடைய கைக்குப் போகிறது? உள்ளே இருப்பது சுற்றுகிற ஹாட் டிஸ்க்கா, சில்லுகளில் சேமிக்கிற எஸ்எஸ்டியா?

முதலில் ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஹாட் டிஸ்க் ஒன்றைச் சாதாரணமாகக் குயிக் போமட் செய்தால் கோப்புகள் அழிவதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற பதிவேடு மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. காணிப் பதிவேடான தோம்பில் பெயரை வெட்டிவிட்டால் காணியில் நிற்கிற பனை விழுந்துவிடுமா? பனை அங்கேயேதான் நிற்கும். வேறு யாராவது வந்து அந்த இடத்தில் வீடு கட்டும்வரை நிற்கும். அழிந்த கோப்புகளை மீட்கிற ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் பதிவேட்டைப் பார்ப்பதேயில்லை. நேரே காணிக்குள் இறங்கிப் பனையை எண்ணத் தொடங்கிவிடும். புதிய விண்டோஸைப் போட்டாலும் அது மூடுவது ஒரு முப்பது ஜிபி அளவைத்தான். மிச்சக் காணி அப்படியே கிடக்கும்.

என்னுடைய டெஸ்க்டொப்பில் இருந்து தொடங்குகிறேன். அது வீட்டை விட்டு எங்கும் போகப்போவதில்லை. மெதுவாகிவிட்டது, எவருடையதோ பென்டிரைவில் இருந்து வைரஸும் வந்திருக்கிறது, அவ்வளவுதான் முறைப்பாடு. இப்படியான பெட்டிக்கு நீண்ட அழிப்பு வீண்வேலை. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் இருந்து தொடங்கி, எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில், அந்த டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளான பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்து, எல்லாம் ஒரே வெற்றிடமாக வந்த பிறகு 'நெக்ஸ்ட்' அழுத்தினால் போதும். பூட் ஆகும் பகுதியும் சேர்ந்து போய்ப் புதிதாக எழுதப்படுவதால் நாங்கள் சந்திக்கிற வைரஸ்களுக்கு இது தாராளம். தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயருக்குள்ளேயே போய் உட்காருகிற ரகமும் உண்டு. 2018இல் கண்டுபிடிக்கப்பட்ட லோஜாக்ஸ் அப்படியானது. அதற்கு டிஸ்க்கை எத்தனை தரம் அழித்தாலும் பலனில்லை. ஆனால் அது அரச அலுவலகங்களைக் குறிவைத்து வந்த சாமான். எங்கள் வீட்டுப் பெட்டியைத் தேடி வரும் என்று நான் நித்திரை கெடுவதில்லை.

ஆனாலும் என் டிஸ்க்கை நான் முழுதாகத்தான் போமட் செய்தேன். ரகசியத்துக்காக இல்லை, டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டுப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை இருந்தது. வாசிக்க முடியாமல் முடிவு தெரியாது காத்துக்கிடக்கிற செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னச் சேமிப்புக் கட்டங்கள், எட்டு. அந்த இடங்களில் புதிதாக எழுதும்போதுதான், இது இனிச் சரிவருமா, கைவிட்டு வேறு செக்டரை ஒதுக்குவதா என்று டிஸ்க் முடிவெடுக்கும். முழு போமட் முடிந்ததும் எட்டு பூச்சியமாகிவிட்டது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருந்தால் விண்டோஸைப் போடாமல் டிஸ்க்கையே மாற்றியிருப்பேன். பழைய டிஸ்க் என்றால் இந்த ஒரு காரணத்துக்காக இரண்டு மணித்தியாலம் செலவழிக்கலாம்.

இனி கொமினிகேசன் பெட்டி. இதில்தான் எனக்குக் கவலை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிகேசன் கடைக் கொம்பியூட்டருக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஊர்ச்சனத்தின் ஐசி என்கிற அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாஸ்போட், வங்கிக் கடிதம், வெளிநாட்டு ஸ்பொன்சர் கடிதம் எல்லாம் ஸ்கான் செய்யப்பட்ட பெட்டி அது. அண்ணை சொன்னார், "நான் போமட் அடிச்சிட்டன் தம்பி. நீர் விண்டோஸை மட்டும் போட்டால் காணும்." திறந்து பார்த்தேன். அவர் அடித்தது சி டிரைவை. டி டிரைவ் 'கஸ்டமர்' என்ற ஃபோல்டரோடு அப்படியே இருந்தது. ஃபோட்டோரெக்கை சி டிரைவில் ஓடவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் படங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. முதலில் வந்தது யாரோ ஒரு பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு. அதற்கு மேல் பார்க்க மனம் வரவில்லை, நிறுத்திவிட்டேன்.

அவரில் மட்டும் பிழையில்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹாட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து 2003இல் எழுதினார்கள். வேலை செய்தவை 129. அதில் ஒழுங்காகச் சுத்தம் செய்யப்பட்டிருந்தவை வெறும் 12. எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், சந்தியில் காண்கிற சனத்தின் உறுதியும் ஐசியும் வேறு எவருடைய கையிலோ போய்ச் சேர்ந்தால் அந்த மனுசன் என்ன முகத்தோடு ஊருக்கு வந்துபோவது?

ஆக இந்த டிஸ்க் முழுக்க, ஒவ்வொரு செக்டராக, மேலெழுதப்பட வேண்டும். அதற்கு என் முன்னால் இருந்த வழிகள் நாலு.

விண்டோஸுக்குள் இருந்தபடியே 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்து, எல்லாவற்றையும் அகற்று, டிரைவையும் சுத்தம் செய் என்று தெரிவது முதலாவது. பென்டிரைவும் தேவையில்லை, கட்டளையும் தேவையில்லை. வீட்டுக்காரருக்கு நல்ல வழிதான். ஆனால் இது சாதாரணப் பாவனையாளருக்கானது, அரச மற்றும் தொழில்துறை அழிப்புத் தரங்களுக்கு ஈடானதல்ல என்று மைக்ரோசொஃப்டே எழுதி வைத்திருக்கிறது. எல்லா டிரைவுமா, விண்டோஸ் இருக்கும் டிரைவ் மட்டுமா என்று ஒரு கேள்வியும் நடுவில் வரும். அதில் பிழையாகத் தெரிந்தால் திரும்பவும் டி டிரைவின் கதைதான்.

இரண்டாவது முழு போமட். 'குயிக்' என்ற சரியடையாளத்தை எடுத்துவிட்டுச் செய்வது. விஸ்டா காலத்தில் இருந்து இது டிரைவ் முழுக்கப் பூச்சியம் எழுதுகிறது. எக்ஸ்பியில் வெறுமனே பழுதான செக்டர்களைத் தேடியது, அவ்வளவுதான். 'முழு போமட்டிலும் ஒன்றும் அழியாது' என்று சில பேர் இன்னமும் சொல்வது அந்தக் காலத்து ஞாபகம். இதன் குறை, பார்ட்டிஷன் பார்ட்டிஷனாகச் செய்ய வேண்டும்; விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிற டிரைவை அதற்குள் இருந்தே போமட் செய்யவும் முடியாது.

மூன்றாவது, அழிப்பதற்கென்றே உள்ள மென்பொருள். டிபான் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் இலவசப் பதிப்பு 2015க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, எஸ்எஸ்டிக்கும் உதவாது. இப்போது என்றால் ஷ்ரெட்ஓஎஸ் நல்லது. பென்டிரைவில் இருந்து தொடங்கி, டிஸ்க்கைத் தெரிந்து, எத்தனை சுற்று என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

எத்தனை சுற்று என்ற இடத்தில்தான் பலருக்கு ஆசை வருகிறது. பட்டியலில் 35 சுற்று குட்மன் முறை இருக்கும். பெரிய எண் என்றால் பெரிய பாதுகாப்பு என்று மனம் அதில் போய் நிற்கும். பீட்டர் குட்மன் அந்தக் கட்டுரையை எழுதியது 1996இல், அன்றைய பலவகை டிஸ்க்குகளின் எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஒரு டிஸ்க்குக்கு 35ம் தேவையே இல்லை என்று பிறகு அவரே சொல்லிவிட்டார். இன்றைய காந்தத் தட்டு டிஸ்க்குக்கு ஒரு தரம் மேலெழுதினால் போதும் என்பதுதான் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலைப்பாடும். கணக்கைப் பாருங்கள். 1 டெராபைட் டிஸ்க் செக்கனுக்கு சராசரியாக 100 மெகாபைட் எழுதினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலம். 35 சுற்று என்றால் நாலு நாள். யாழ்ப்பாணத்தில் நாலு நாள் கரண்ட் ஒருதரமும் போகாமல் இருக்கும் என்று நம்பித் தொடங்குகிறவர் பெரிய பக்தராகத்தான் இருக்க வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை.

நாலாவது வழியைத்தான் நான் எடுத்தேன்: விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவே போதும், வேறொன்றும் தரவிறக்கத் தேவையில்லை. நிறுவலின் முதல் திரையில் ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க்கோடு அழிக்க வேண்டிய டிஸ்க்கின் இலக்கம், கடைசியாகக் கிளீன் ஓல். வெறும் 'கிளீன்' என்று கொடுத்தால் தோம்பைக் கிழிப்பதோடு நின்றுவிடும், ஒரு செக்கனில் முடியும். 'ஓல்' சேர்த்தால்தான் முதலாம் செக்டரில் இருந்து கடைசி வரைக்கும் பூச்சியம் எழுதும். சி, டி, ஒளிந்திருக்கிற ரிக்கவரி என்ற பேதம் அதற்கு இல்லை. விற்கப்போகும் ஹாட் டிஸ்க்குக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் முடிவு.

இதற்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, எவ்வளவு முடிந்தது என்று காட்டாது. கோடு ஒன்று மினுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சத்தமும் இல்லை. இறுகிவிட்டது என்று நினைத்து நிற்பாட்டிவிடுவார்கள். பெட்டியின் சிவப்பு லைட் விடாமல் எரிந்தால் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், கையை வைக்காதீர்கள்.

மற்றக் குணம், 'உண்மையாகவா?' என்று ஒரு கேள்வி கேட்காது. இதை நான் படித்தது சொந்தச் செலவில். சில வருடங்களுக்கு முன், அழிக்க வேண்டிய டிஸ்க்கும் என் பக்கப் எடுத்து வைத்த வெளி டிஸ்க்கும் ஒரே பெட்டியில் பூட்டியிருந்தன. இரண்டும் 1 டெராபைட், பட்டியலில் இரண்டும் 931 ஜிபி. நான் 1ஐத் தெரிவதற்குப் பதிலாக 2ஐத் தெரிந்துவிட்டேன். வெளி டிஸ்க்கின் நீல லைட் மினுங்கியதைக் கண்டுதான் வயரைப் பிடுங்கினேன். இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். இரண்டு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு ஜிபி போய்விடும். படங்களில் பெரும்பங்கை ஃபோட்டோரெக் மீட்டுத் தந்தது, பெயரும் இல்லை ஒழுங்கும் இல்லை, ஆனாலும் தந்தது. அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு நான் பேஜ்மேக்கரில் செய்த நினைவு மலரின் கோப்பு வரவேயில்லை. அச்சடித்த பிரதி ஒன்று மாமியிடம் இருக்கிறது. அன்றிலிருந்து அழிக்கும் பெட்டியில் அழியவேண்டிய டிஸ்க்கைத் தவிர வேறு எதையும் பூட்டுவதில்லை. மற்ற டிஸ்க்கின் வயரைக் கழற்றிப்போட்டுத்தான் கதிரையில் இருப்பேன்.

லப்டொப்புக்கு வருவோம். அதில் இருப்பது எஸ்எஸ்டி, அதனால் மேலே சொன்ன மேலெழுதும் வித்தை இங்கே சரிவராது. எஸ்எஸ்டியில் நீங்கள் எழுதச் சொன்ன இடத்தில் அது எழுதுவதில்லை. சில்லுகள் சமமாகத் தேயவேண்டும் என்பதற்காக உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி இடத்தை மாற்றி மாற்றி எழுதும். வெளியே காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். நீங்கள் டிஸ்க் நிறையப் பூச்சியம் எழுதினாலும் பழைய துண்டுகள் அந்த உபரிக்குள் மிஞ்சலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 2011இல் சில்லுகளைக் கழற்றி நேரே வாசித்து இதைக் காட்டினார்கள்.

மறுபக்கத்தில், எஸ்எஸ்டியில் ஒரு வசதியும் இருக்கிறது. போமட் செய்யும்போது 'இந்த இடங்கள் இனித் தேவையில்லை' என்று டிரிம் என்ற கட்டளையை விண்டோஸ் அனுப்புகிறது. கட்டுப்படுத்தி அவற்றைத் தன் நேரத்துக்குத் துப்புரவாக்கிவிடும். அதனால் குயிக் போமட் செய்த எஸ்எஸ்டியில் ஃபோட்டோரெக்கை ஓட்டினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. குடும்பத்துக்குள் கைமாறுகிற லப்டொப்புக்கு இதுவே காணும். மருமகளின் பெட்டிக்கு நான் பார்ட்டிஷன்களை அழித்து விண்டோஸ் 11ஐப் போட்டேன், பதினைந்து நிமிடம். "மாமா, உங்கட பழைய படமெல்லாம் எடுப்பன்" என்று வெருட்டினாள். எடுத்தால் எனக்கும் ஒரு பிரதி தரச் சொன்னேன்.

வெளியாருக்கு விற்கும் எஸ்எஸ்டி என்றால் அதன் கட்டுப்படுத்தியிடமே 'எல்லாவற்றையும் அழி' என்று சொல்ல வேண்டும். செக்கியூர் இரேஸ் என்பது அதுதான். சில லப்டொப்களில், விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள்ளேயே இந்த வசதி இருக்கும். இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. பல எஸ்எஸ்டிகளில் ஒரு நிமிடம்கூட எடுக்காது. இல்லாவிட்டால் எஸ்எஸ்டி நிறுவனத்தின் மென்பொருள், அல்லது லினக்ஸ் பென்டிரைவில் இருந்து, எஸ்எஸ்டி இணையும் முறை சாட்டா என்றால் எச்டிபார்ம், என்விஎம்இ என்றால் என்விஎம்இ போமட் என்ற கட்டளைகள். எச்டிபார்ம் பாவிக்கும்போது டிஸ்க் 'ஃப்ரோசன்' என்று சொல்லி மறுக்கும். பெட்டியை ஒருதரம் ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் வழிக்கு வரும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் கடவுச்சொல்லோடு பூட்டுப்பட்டு நிற்கலாம் என்பதால் லப்டொப் பற்றரி நிறைய இருக்கும்போதே செய்யுங்கள், டெஸ்க்டொப் என்றால் யுபிஎஸ் வேண்டும்.

இதெல்லாம் தலையிடி என்பவருக்கு, டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லொக்கர் இருக்கிறது. முதல் நாளில் இருந்தே குறியாக்கம் போட்டிருந்த டிஸ்க் என்றால் பார்ட்டிஷனை அழித்துச் சாவியைத் தொலைத்தாலே போதும், மிஞ்சுவது வெறும் இரைச்சல். விற்பதற்கு முதல்நாள் போடுவது அவ்வளவு உறுதியில்லை, உபரி இடத்தில் பழையது மிஞ்சலாம். ஆனால் ஒன்றுமே செய்யாமல் விற்பதைவிட எவ்வளவோ மேல். விண்டோஸ் 11 பெட்டிகள் பலவற்றில் இது கேட்காமலே போட்டிருக்கிறது. மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும்.

டிஸ்க்கே செத்துவிட்டது, எதுவும் ஓடாது என்றால் சுத்தியல்தான். ஹாட் டிஸ்க்கின் தட்டு உடைய வேண்டும் அல்லது துளை விழ வேண்டும். லப்டொப் டிஸ்க்குகளின் தட்டு பலதும் கண்ணாடி, கண்ணைக் கவனியுங்கள். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு கறுப்புச் சில்லும் நொருங்க வேண்டும். அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.

எந்த வழியென்றாலும் அழிப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவற்றில் எங்கள் ஊருக்கென்று ஒன்று உண்டு: எழுத்துரு. டெஸ்க்டொப்பும் டொக்குமென்ட்ஸும் பக்கப் எடுத்தேன், இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பீர்கள். புதிய விண்டோஸில் பழைய வேர்ட் கோப்பைத் திறந்தால் தமிழ் ஒரு எழுத்தும் இராது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கஞ்சியாக நிற்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு அது. பாமினி பழைய விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரோடு போய்விட்டது. பாமினியைத் திரும்ப எடுக்கலாம். கல்யாண அழைப்பிதழுக்கும் நினைவு மலருக்கும் பாவித்த மற்ற அலங்கார எழுத்துருக்களை எங்கே போய்த் தேடுவது? ஃபொன்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுங்கள். அப்படியே வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் ஒரு பென்டிரைவில் போடுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போது இன்டர்நெட் கேட்கும், டிரைவர் இல்லாமல் வைஃபை தெரியாது. விண்டோஸ் லைசன்ஸைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. விண்டோஸோடு வந்த பெட்டி என்றால் சாவி பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே இருக்கும்.

அண்ணையின் நாலு பெட்டிகளும் இரண்டு நாளில் முடிந்தன. நடுவில் ஒருதரம் கரண்ட் போய், மூன்றாவதைத் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. ஒவ்வொன்றிலும் விண்டோஸ் போடுவதற்கு முன் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். நாலிலும் பூச்சியம். அவர் ஓட்டோவில் ஏற்ற வந்தபோது, விற்பதற்கென்று கடையில் இருந்து கொண்டுவந்து வைத்த ஸ்கானரையும் துடைத்துத் தரச் சொன்னார். மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் கவிழ்ந்தபடி ஒரு ஐசி கிடந்தது.

"ஐயோ, இது எங்கட ஒழுங்கைக்காரி எல்லே," என்றார் அண்ணை. "மூண்டு மாசமாத் தேடுறா."